பிள்ளை என்ன செய்து காட்டும்?

பசறையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் பாதையில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில், 1990களின் தொடக்கத்தில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. நீண்ட ஒரே மண்டபம். தகரக் கூரை. வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது. கரும்பலகையைத் திருப்பி வைத்தால் அதுதான் தடுப்பு. ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து சொல்லும். அந்தப் பாடசாலையின் அதிபர் பாடக்குறிப்பைப் பார்த்த விதத்தை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஆசிரியனாகவும் பின்னர் ஆசிரிய ஆலோசகனாகவும் ஊவா மலைகளில் அலைந்த காலமெல்லாம், பாட நோக்கம் எழுதுவது பற்றி அவரைவிடத் தெளிவாகப் பேசிய ஒருவரை நான் சந்திக்கவில்லை.

மற்றப் பாடசாலைகளில் பாடக்குறிப்புக் கொப்பிகள் அதிபரின் மேசையில் அடுக்காக இருக்கும். ஒரே இருப்பில் எல்லாவற்றிலும் கையெழுத்து விழும். இவர் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்கே வருவார். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் போவார். முதல் நாள் வராமல் நின்ற பிள்ளை என்றால் அதை நிச்சயம் விடமாட்டார். நோக்கம் என்று எழுதியிருக்கும் வரியை வாசித்துவிட்டு, "இந்தா, நீ இதச் செய்வேன்னு ஒங்க சேர் எழுதியிருக்காரு. செஞ்சு காட்டு பார்ப்போம்" என்பார். பிள்ளை செய்தால் கையெழுத்து. செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஏச்சு விழாது. ஆசிரியரைப் பார்த்து, "நாளைக்கி இதே வரிய மறுபடி எழுதிக்கங்க" என்று மட்டும் சொல்வார்.

அந்தக் காலத்துப் பாடக்குறிப்புகளில் சில சொற்கள் எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக இருந்தன. மாணவர் நீரின் முக்கியத்துவத்தை உணர்ந்துகொள்வர். பின்னங்கள் பற்றி அறிந்துகொள்வர். போக்குவரத்துப் பற்றிய விளக்கத்தைப் பெறுவர். பயிற்சிகளில் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள், மேலிருந்து வந்த மாதிரிக் குறிப்புகளும் அப்படித்தான் இருந்தன. இப்படிப்பட்ட வரி வந்தால் அதிபர் பிள்ளையிடம் எதுவும் கேட்காமல் நம்மிடம் திரும்புவார். "உணர்ந்துக்கிட்டத நான் எங்க போயிப் பார்க்கிறது தம்பி? அந்தப் புள்ள எதையாவது சொல்லட்டும், எழுதட்டும், வரையட்டும், பிரிச்சு வைக்கட்டும். அதை எழுதுங்க. நான் வந்து பார்த்துக்கிறேன்."

அவருக்கு இந்தப் பிடிவாதம் வரக் காரணம் இருந்தது. தோட்ட நிர்வாகம் பாடசாலை நடத்திய காலத்தில் துரையிடம் சம்பளம் வாங்கிய வாத்தியார் அவர். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்டத்தின் பொறுப்பில் விட்டன. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்த வேலிக்கு வெளியேதான் நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே, இந்தப் பாடசாலைகளை அரசு கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. அதுவரையில் தோட்டத்து வாத்தியார் என்றால் பெரும்பாலும் தனி ஆள். ஐந்து வகுப்பையும் அவரே இழுக்க வேண்டும். ஹாலிஎலப் பக்கம் ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் தந்தையும் தோட்டப் பாடசாலை வாத்தியார்தான். இப்படிப்பட்டவர்கள் ஒழுங்காகக் கற்பித்தார்கள். ஆனால் பிள்ளை எதுவரை வந்திருக்கிறது என்று அவர்களிடம் கேட்க எவரும் இருக்கவில்லை. இடாப்பில் எத்தனை பெயர் என்பதே கேள்வியாக இருந்தது. எங்கள் அதிபர் அந்த நாட்களைப் பற்றி ஒருமுறை சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "பேரு போடத் தெரிஞ்சா போதும்னு அவுங்க ஒரு நோக்கம் வச்சிருந்தாங்க. அது வெளங்குற மாதிரித்தான் இருந்திச்சு. நம்ம நோக்கம் அதைவிடப் பெருசா இருக்கணும், அதே மாதிரி வெளங்கவும் செய்யணும்."

பண்டாரவளையில் நடந்த ஒரு விடுமுறைப் பயிற்சியில்தான் றொபேட் மேகர் என்ற பெயரை நான் கேள்விப்பட்டேன். அமெரிக்கரான அவர் 1962இல் எழுதிய சிறு நூல், ஆசிரியர் பயிற்சி உலகம் முழுவதும் நோக்கம் எழுதும் முறையையே மாற்றியிருந்தது. அவருக்கு முன் 1949இல் ரால்ஃப் டைலர், எந்தப் பாடத்திட்டமும் நோக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தார். 1956இல் பெஞ்சமின் புளூமும் அவருடன் இருந்தவர்களும், நினைவில் வைத்திருப்பது தொடங்கி மதிப்பிடுவது வரை அறிவுசார் நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்தார்கள். மேகர் கேட்டது அவற்றைவிட எளியது. பாடம் முடிந்தபின் பிள்ளை கண்ணுக்குத் தெரியும்படி எதைச் செய்யும்? எந்த நிலைமையில் செய்யும்? புத்தகத்தைப் பார்த்தா, பார்க்காமலா, எதைக் கையில் வைத்துக்கொண்டு? எந்த அளவுக்குச் செய்தால் சரி என்று ஏற்பது? இந்த மூன்றும் ஒரு வரியில் இருந்தால் அது நோக்கம்.

பயிற்சி நடத்தியவர் இதைச் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் அதிபரின் முகம்தான் கண்முன் வந்தது. மேகரை அவர் வாசித்திருக்க வழியே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மேகர் அந்த நூலை முதலில் எழுதியது, ஆசிரியர் அருகில் இல்லாமலே படிப்படியாகப் படித்துப் போகும் பாடங்களை ஆக்குவோருக்காக. விளங்கப்படுத்த ஆள் இல்லாத இடத்தில் வரி தெளிவாக இருந்தே ஆக வேண்டும். எங்கள் மண்டபத்திலும் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு வகுப்பு ஆசிரியர் இல்லாமல்தான் இருந்தது.

தோட்டத்துத் தாய்மாருக்கு இந்த மூன்று கேள்வியும் புதியவை அல்ல. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எந்த மலை என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக எடுக்க வேண்டும். மட்டக்கம்பை வைத்துப் பார்த்தால் செடியின் மேல்தளம் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். முழு நாள் சம்பளத்துக்கான முழுப் பேர் விழ எத்தனை கிலோ என்பதும் தெரியும். மாலையில் கொழுந்து மடுவத்தில் தராசு நிற்கும் இடம் அன்றைய கணக்கைச் சொல்லிவிடும். இத்தனை தெளிவான சொல் காதில் விழுந்து வளர்ந்த ஒரு பெண், பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்: "45ன்னு போட்டிருக்கீங்க சேர். எம் புள்ளைக்கு என்னா தெரியும், என்னா தெரியாது? அதச் சொல்லுங்க." அந்தக் கேள்விக்கு அறிக்கையில் எங்கும் பதில் இருக்கவில்லை. ஆனால் மலையில் சொல்லும் தெளிவு வேலை வாங்குவதற்கானது. நாங்கள் எழுத வேண்டிய தெளிவு, பிள்ளை தன் கையாலேயே தன்னை அளந்து பார்த்துக்கொள்வதற்கானது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் எப்போதும் வலியுறுத்தி வந்திருக்கிறேன்.

நல்ல நோக்கம் எப்படி உருவாகிறது என்பதற்குச் சில பாடங்களையே சொல்கிறேன்.

நான்காம் வகுப்பில் பின்னம். 'அரை, கால் பற்றி அறிந்துகொள்வர்' என்பதை அதிபர் திருப்பிவிட்டார். வீடுகளில் தினமும் ரொட்டி சுடுகிறார்கள். பிள்ளைகள் பங்கு பிரித்துத்தான் சாப்பிடுகிறார்கள். ஆகவே வரி இப்படி ஆனது: வட்டமாக வெட்டிய கடதாசியைக் கொடுத்தால், பிள்ளை அதை மடித்து நான்கு சம பங்காக்கி, கேட்கும் பங்குக்கு வர்ணம் தீட்டி, அதற்குரிய பின்னத்தைப் பக்கத்தில் எழுதும், ஐந்து முறை கேட்டால் நான்கு முறையாவது சரியாக இருக்கும். இதை எழுதி முடித்ததும் பாடமே மாறிவிட்டது. கரும்பலகையில் நான் வட்டம் வரைந்து கொண்டிருப்பதில் பொருள் இல்லை. கடதாசி பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அத்துடன் யாருக்கு வரவில்லை என்பதும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மடிக்கத் தெரிந்த சில பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை. அது பின்னத்தின் சிக்கல் அல்ல, எழுத்தின் சிக்கல். 'அறிந்துகொள்வர்' என்ற வரி இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளைக் கணக்கு வராதவர்கள் என்று ஒதுக்கியிருப்போம்.

மூன்றாம், நான்காம் வகுப்புகளைச் சேர்த்து ஒரே ஆசிரியர் எடுக்க வேண்டிய நாட்கள் அடிக்கடி வரும். பல்தரக் கற்பித்தல் என்று பின்னாளில் அதற்குக் கையேடுகள் எல்லாம் வந்தன. அப்போது எங்களுக்குத் துணை, தெளிவாக எழுதிய இரண்டு வரிகள். தலைப்பு ஒன்றுதான்: நிறை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தராசைப் பார்த்துக் கிலோவை வாசித்துக் கொப்பியில் எழுதும். நான்காம் வகுப்புப் பிள்ளை, காலை, பகல், மாலை என்று மூன்று முறை நிறுத்த கொழுந்தைக் கூட்டி, பைக்கும் ஈரத்துக்கும் கழித்ததை அதிலிருந்து குறைத்து மீதியைச் சொல்லும். இந்த வரிகளைக் கரும்பலகையின் இரு மூலையிலும் பிள்ளைகளுக்கு விளங்கும் மொழியில் எழுதிவிடுவேன். வடகீழ்ப் பருவக்காற்று பிடித்துக்கொண்டால் பதுளைப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் மழை விடாது. தகரக் கூரையில் மழை விழும்போது ஆசிரியர் தொண்டை கிழியக் கத்தினாலும் இரண்டாம் வாங்குக்குக் கேட்காது. அந்த நேரத்தில் பாடம் நடந்ததென்றால் கரும்பலகையில் அந்த இரண்டு வரிகள் இருந்ததால்தான். பிள்ளைகளுக்குத் தாங்கள் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

சில ஆண்டுகளின் பின் பதுளைக்குக் கிட்டிய ஒரு பெரிய பாடசாலையில் எட்டாம் தரத்துக்குக் கணிதம் எடுத்தேன். சதவீதம் பாடநூலில் கடை இலாபம், கழிவு என்று வரும். நான் எழுதிய நோக்கம் வேறு: ஒரு சம்பளச் சீட்டைக் கொடுத்தால், ஊழியர் சேமலாப நிதிக்குரிய சம்பளத்தில் 8 வீதம் எவ்வளவு என்று கணக்கிட்டு, சீட்டில் பிடித்திருக்கும் தொகையோடு அது பொருந்துகிறதா என்று மாணவர் எழுதிக் காட்டுவர், நிர்வாகம் போட வேண்டிய 12 வீதத்தையும் கணக்கிடுவர். வீட்டிலிருந்து சீட்டைக் கொண்டுவரச் சொல்லவில்லை. சம்பளம் குடும்பத்துக் காரியம்; வகுப்பில் காட்டும் பொருள் அல்ல. நானே ஒரு மாதிரிச் சீட்டை எழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அன்று மாலையே பல வீடுகளில் உண்மையான சீட்டு வெளியே வந்திருக்கிறது. அடுத்த வாரம் ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். மகள் சீட்டை வரி வரியாக வாசித்துச் சொன்னதாகவும், எதற்கெதற்குப் பணம் பிடிக்கிறார்கள் என்பது இப்போதுதான் தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். பத்தாம் தரத்தில் இருக்கும் மூத்தவனுக்கு இதைச் செய்யத் தெரியவில்லையே, அவனையும் கூட்டி வைத்துச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். என் ஆசிரிய வாழ்க்கையில் ஒரு பெற்றோர் புள்ளியைப் பற்றி அல்லாமல், இன்ன காரியம் என் பிள்ளைக்குச் செய்ய வர வேண்டும் என்று கேட்டு வந்தது அதுவே முதல் முறை. நோக்கம் அவருக்கும் விளங்கும்படி இருந்ததால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது.

நாட்டின் கல்விச் சீர்திருத்தமும் அந்தக் காலத்தில் இதே திசைக்குத் திரும்பியது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோட்டமாகவும் 1999இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ஒன்று முதல் ஐந்து வரையான தரங்களை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலை முடிவிலும் எல்லாப் பிள்ளையும் அடைந்தே ஆக வேண்டியவற்றை அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று பட்டியலாக்கியது. மகரகம தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து ஆசிரியர் வழிகாட்டிகள் வந்தன. 2007இல் ஆறாம், பத்தாம் தரங்களிலிருந்து தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் வந்தது. அத்தியாவசியம் என்ற அந்த எண்ணம் தோட்டப் பாடசாலைகளுக்கு மிகவும் வேண்டியிருந்தது என்று இன்றும் நம்புகிறேன். கெட்டிக்காரப் பிள்ளை புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் பாடசாலை வாசலில் படம் வைக்கிறோம். அந்த வகுப்பின் மற்றப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு கடிதத்தை வாசிக்க முடியும் என்ற கேள்வியை அந்தப் பட்டியல்தான் எங்கள் முன் வைத்தது.

ஆனால் ஆலோசகனாகப் பாடசாலைகளுக்குப் போகத் தொடங்கியபின் நான் கண்டது வேறு. பாடக்குறிப்பில் 'தேர்ச்சி மட்டம் 3.2' என்று எண் இருக்கும். கீழே வழிகாட்டியிலிருந்து அப்படியே பார்த்தெழுதிய கற்றற்பேறுகள் இருக்கும். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வரிக்கும் தொடர்பு இருக்காது. வழிகாட்டியை எழுதியவர் இந்தப் பிள்ளைகளைக் கண்டதில்லை. கண்டவர் அந்த வரியைத் தொடவில்லை. மேற்பார்வைக்கு வருவோரும் எண் இருக்கிறதா, திகதி இருக்கிறதா, செம்மையிட்ட கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துப் போகிறார்கள். இதில் ஆசிரியரை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு உள்ளகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நல்ல நோக்கம் எழுதத் தெரிந்துதான் வருகிறார்கள். வந்த இடத்தில் எவரும் அதைப் பிள்ளையிடம் போய்ச் சோதித்துப் பார்க்காததால், மாதங்களுக்குள் அவர்களும் எண் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எலியட் ஐஸ்னர் 1967இலேயே இந்த நோக்கம் எழுதும் முறையைக் கேள்வி கேட்டார். கலை போன்ற பாடங்களில் பிள்ளை எதைக் கொண்டு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது என்பது அவர் வாதம். அதை நான் முழுதாக ஏற்கிறேன். மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து தொடங்கிவிட்டால் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்திருந்து அடுத்த நாள் அரைத் தூக்கத்தில் வருவார்கள். ஒருமுறை அந்த வகுப்பைப் பாடத்துக்கு இழுக்காமல், பார்த்ததைச் செய்து காட்டச் சொன்னேன். ஆண்டு முழுவதும் வாய் திறக்காத ஒரு பையன் காமனை இழந்த ரதியாக நின்று அழுதான். வகுப்பே அமைதியானது. அந்தப் பாடவேளைக்கு நோக்கம் எழுத எனக்கு மனம் வரவில்லை, அதிபரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் வர வேண்டும் என்பதில் அளவு வைத்துக்கொள்ள வேண்டும். அவன் எப்படி அழுவான் என்பதில் அளவுகோலை நுழைக்கக் கூடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் அளக்கப் போகிறவர்களும், இதைச் சாட்டாக வைத்து எதையும் அளக்காமல் விடுகிறவர்களும் பிள்ளைக்கு ஒரே தீங்கைத்தான் செய்கிறார்கள்.

தெளிவான நோக்கம் எங்கள் பகுதிக்கு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். இங்கே ஆசிரியர் நிலையாக இருப்பதில்லை. வெளி ஊரிலிருந்து நியமனம் பெற்று வருபவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டே மலை ஏறுகிறார். பஸ் வராத பாதை, தங்க அறை இல்லாத தோட்டம், அட்டைக்கடி. அவர்களையும் குறைசொல்ல முடியாது. 2015ஐ ஒட்டி மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளே பெருமளவில் நியமனம் பெற்றார்கள். சில ஆயிரம் ரூபா கொடுப்பனவோடு நின்று பிடித்த அவர்களால் பல வகுப்புகளில் ஆசிரியர் இல்லாத நிலை மாறியது. அப்படியிருந்தும் ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று ஆசிரியரிடம் கணிதம் படிக்கும் நிலை இன்னும் இருக்கிறது. ஒவ்வொருவரும் பாடநூலின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஏனென்றால் முன்னவர் எழுதிவிட்டுப் போன கொப்பியில் 'பின்னங்கள் கற்பிக்கப்பட்டன' என்றுதான் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எதுவரை வந்தது என்று இல்லை. அப்படி ஒரு மாணவி நான்கு முறை கூட்டல் படித்துவிட்டு வகுத்தலைக் காணாமலே எட்டாம் தரத்துக்கு வந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். மந்தமான பிள்ளை என்று அவளைப் பற்றிச் சொன்னார்கள். வகுத்தலைச் சொல்லிக் கொடுத்தபோது இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே பதுளை, பசறை, அப்புத்தளை, வெலிமடை என்று எங்கள் மலைகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வழிகாட்டியில் உள்ள எண்ணை எழுதுங்கள், அது கடமை. அதற்குக் கீழே உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு வரி எழுதுங்கள்: இந்தப் பாடவேளை முடிய, இந்த வகுப்புப் பிள்ளை, எதைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்து காட்டும், எவ்வளவு செய்தால் போதும் என்று. மாற்றம் கிடைத்துப் போவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள். போகுமுன் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே அதற்கு எது வருகிறது, எது இன்னும் வரவில்லை என்று எழுதி அதிபரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பாடக்குறிப்பில் கையெழுத்திடும் அதிபர்மாரும், வலயப் பணிமனையிலிருந்து வரும் அதிகாரிகளும் பேனாவைத் திறக்குமுன் கடைசி வாங்குக்கு நடந்து போய், அங்கே இருக்கும் ஒரு பிள்ளையிடம் அந்த வரியைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.